வேகக் கட்டுப்பாட்டை இழந்த உழவு இயந்திரம்

பத்திரிகைத் துறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட என்னிடம், மிக அதிகமாக எழுதிய சொற்றொடர் எதுவென்று யாராவது கேட்டால் தயங்காமல் ஒன்றைச் சொல்வேன். "வேகக் கட்டுப்பாட்டை இழந்து" என்பதே அது. பஸ் வண்டி வேகக் கட்டுப்பாட்டை இழந்து மதகில் மோதும். லொறி வேகக் கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் பாயும். பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசியில் வரும் தகவலுக்கு இந்த மூன்று சொற்களைச் சேர்த்துவிட்டால் செய்தி முடிந்துவிடும். அந்த மூன்று சொற்களும் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடுகின்றன என்பதை அறிந்துகொள்ள எனக்கு ஒரு மெக்கானிக் தேவைப்பட்டார்.

1981 ஆம் ஆண்டு மாசி மாதம். வன்னியில் பெரும்போக அறுவடை முடிந்து, சூடடித்த நெல் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். கிளிநொச்சி அப்போது தனி மாவட்டமாகவில்லை. 1984 இல்தான் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இரணைமடுக் குளத்தின் கீழுள்ள குடியேற்றத் திட்டமொன்றில், நெல் மூடைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தின் பெட்டி வாய்க்கால் கரையிலிருந்து சரிந்து விழுந்தது. மூடைகளின் மேல் அமர்ந்திருந்த கூலித் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். சாரதிக்கு வயது இருபத்து நான்கு. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். இறந்தவரும் அப்படி வந்தவர்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே தொலைபேசியில் செய்தியைப் பெற்று எழுதினேன். "வேகக் கட்டுப்பாட்டை இழந்த உழவு இயந்திரம் குடைசாய்ந்ததில் ஒருவர் பலி. சாரதி கைது." நான்கு வரிகள். சாரதியின் பெயரும் ஊரும் அதில் இருந்தன.

சில வாரங்கள் கழித்து, விவசாயிகளின் நெற்சந்தைப்படுத்தல் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காகக் கிளிநொச்சிக்குச் சென்றிருந்தேன். மழைக்கு ஒதுங்கிய இடம் உழவு இயந்திரங்களைத் திருத்தும் ஒரு பட்டறை. அதை நடத்தியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். எல்லோருக்கும் அவர் 'மெக்கானிக் அண்ணை'. நான் எந்தப் பத்திரிகை என்று கேட்டறிந்தவர், கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, அந்த வாய்க்கால் கரைச் செய்தி எழுதினது நீரோ? மூண்டு தொன் நெல்லோடை, அந்தக் கரையிலை, எந்த வேகத்தைத் தம்பி இழக்கிறது?"

எனக்கு மறுமொழி வரவில்லை. கணக்கு எளியது. மூன்று புசல் கொண்ட மூடை ஒன்று ஏறத்தாழ அறுபத்து மூன்று கிலோ. ஐம்பது மூடைகள் என்றால் மூன்று தொன்னுக்கு மேல். குண்டும் குழியுமான கரையில் அந்தப் பாரத்தை இழுக்கும் இயந்திரம் மனிதன் நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாகத்தான் போக முடியும். இதை யோசிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டிய அவசியமில்லை. நான் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டி அவருடைய பட்டறைக்குப் பின்னால்தான் கிடந்தது. பொலிஸ் விசாரணை முடிந்து, உரிமையாளர் அதைத் திருத்துவதற்கு அனுப்பியிருந்தார். மழை விட்டதும் என்னை அழைத்துச் சென்று காட்டினார்.

அவர் காட்டியதை விளங்கிக்கொள்வதற்கு, இந்த வகை இயந்திரங்களின் அமைப்பைச் சிறிது சொல்ல வேண்டும். கார், லொறி போன்றவற்றில் சில்லுக்கும் உடலுக்கும் இடையில் ஸ்பிரிங் இருக்கும். அன்றைக்கு நமது வயல்களில் ஓடிய உழவு இயந்திரங்களில் அது கிடையாது. 1917 இல் போர்ட்சன் உழவு இயந்திரம் வந்த காலந்தொட்டு, இயந்திரமும் கியர்ப் பெட்டியும் பின் அச்சுக் கூடும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு, அதுவே முதுகெலும்பாக அமைவது வழக்கமாயிற்று. பின் அச்சு அசையாது. முன் அச்சு மட்டும் நடுவிலுள்ள ஒரு தடித்த பின்னில் தராசுக்கோல் போல இருபுறமும் ஆடும். இதனால் வரம்பில் ஒரு முன்சில்லு ஏறினாலும் மற்றவை மண்ணை விட்டு எழாது. கலப்பையின் ஆழம் ஒரு சீராக இருக்க வேண்டுமானால், அதைத் தாங்கும் இயந்திரம் ஸ்பிரிங்கில் தூங்கி எழும்பக்கூடாது என்பது இந்த அமைப்பின் நியாயம்.

அப்படியானால் அதிர்ச்சியைத் தாங்குவது எது? காற்றடித்த ரயரும், சாரதியின் இருக்கைக்குக் கீழுள்ள ஸ்பிரிங்கும்தான். மெக்கானிக் அண்ணை வேறு ஒரு விடை வைத்திருந்தார். "ரயருக்குக் காத்தைக் கூட அடிச்சு, சீற் ஸ்பிரிங்கும் செத்துப்போனால், பிறகு சாரதியின்ரை முள்ளந்தண்டுதான் ஸ்பிரிங்" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னது பின்னாளில் சட்டமாகவும் வந்தது. இருந்து வேலை செய்யும் மனிதரின் உடல், செக்கனுக்கு நான்கு முதல் ஆறு வரையான செங்குத்து அதிர்வுகளில் மிக அதிகமாகப் பாதிக்கப்படுகிறது. உழவு இயந்திரத்தின் குலுக்கல் பெரும்பாலும் அதையொட்டியே நிகழ்கிறது. 2002 இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த பணிப்புரை, எட்டு மணிநேர வேலைநாளில் உடல் முழுவதும் வாங்கும் அதிர்வு 0.5 என்ற அளவைத் தாண்டினால் வேலை கொடுப்பவர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 1.15 ஐத் தாண்டவே கூடாது என்றும் வரையறுத்தது. அலகு, செக்கன் வர்க்கத்திற்கு மீற்றர். நமது ஊர்களில் நாற்பது வயதில் நாரியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் சாரதிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முள்ளந்தண்டுப் பேச்சு நினைவுக்கு வரும்.

ஆனால் பின்னால் இழுக்கப்படும் பெட்டியின் கதை வேறு. பாரம் ஏற்றும் பெட்டிகள் பலவற்றில் அச்சுக்கு மேல் இருபுறமும் லொறியில் உள்ளதைப் போன்ற ஸ்பிரிங் பிளேட்டுகள் இருக்கும். நீளமான வில் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே துளையிட்டு ஒரு சென்ரர் போல்ட்டால் கோர்த்திருப்பார்கள். அந்த அடுக்கை அச்சோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பவை இரண்டு யூ போல்ட்டுகள். அச்சு தன் இடத்தை விட்டு நகராமல் இருப்பது இந்தப் பிடியினால்தான்.

மெக்கானிக் அண்ணை முதலில் செய்தது ஒரு கயிற்றை எடுத்ததுதான். பெட்டியின் முன்னால் உள்ள கொழுவித் துளையில் ஒரு நுனியைப் பிடிக்குமாறு என்னிடம் தந்தார். மறுநுனியை வலப்பக்க அச்சு முனை வரை இழுத்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு அதே கயிற்றை இடப்பக்க அச்சு முனைக்குக் கொண்டுபோனார். இடப்பக்க முனை முடிச்சைத் தாண்டி நான்கு விரற்கடை பின்னால் நின்றது. சமமாக இருக்க வேண்டிய இரண்டு தூரங்கள் சமமாக இல்லை.

"இடப்பக்கம் பின்னுக்குப் போனால் சில்லு ரண்டும் எந்தப் பக்கம் பார்க்கும்?" என்று கேட்டார். தரையில் குச்சியால் கீறிப் பார்த்தபின் சொன்னேன்: "இடப்பக்கம்."

"அதுதான். பெடியன் மிசினைக் கரையின்ரை நடுவாலைதான் கொண்டு வந்தவன். பெட்டி தன்ரை பாட்டுக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு வந்திருக்கு. கரை ஓரம் ஈரம். அவ்வளவுதான்."

பின்னர் உடைந்த தகட்டை எடுத்துக் காட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பிரதான தகடு, சென்ரர் போல்ட் துளையின் குறுக்கே முறிந்திருந்தது. முறிவின் முகத்தில் இரண்டு நிறங்கள். ஒரு பாதி துருவேறிக் கறுத்திருந்தது. மறுபாதி புதிதாக வெட்டிய இரும்பைப் போல வெளிறி மினுங்கியது. கறுத்த பாதி பல நாட்களுக்கு முன்பே வெடித்தது. மினுங்கிய பாதி அன்றைக்கு உடைந்தது. ஒரு சாரதியின் ஒரு கணக் கவனயீனத்தால் துருப்பிடிக்க முடியாது அல்லவா?

அது ஏன் அங்கே வெடித்தது என்பதைத்தான் அவர் அதிக நேரம் எடுத்து விளக்கினார். முந்தைய ஆண்டு பெட்டி இடப்பக்கம் பதிகிறது என்று உரிமையாளர் அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு தகட்டைக் கூடுதலாகச் செருகுவித்திருந்தார். அடுக்கின் தடிப்புக் கூடியது. ஆனால் யூ போல்ட்டுகள் பழையவை; நீளம் போதவில்லை. நட்டுகள் பாதிப் புரிக்குத்தான் பிடித்திருந்தன. ஓட ஓட அவை தளர்ந்தன. யூ போல்ட் தளர்ந்தால், அது இறுக்கிப் பிடிக்க வேண்டிய நடுப்பகுதி வளையத் தொடங்கும். தகட்டில் துளை உள்ள, ஆகப் பலவீனமான இடமும் அதுதான். அங்கே வெடிப்பு விழுந்தது. தனித்து நின்று பாரத்தை வாங்கிய சென்ரர் போல்ட் அறுந்தது. அச்சு பின்னால் நகர்ந்தது.

"பதியிற பக்கத்துக்குப் பிளேட் போட்டால் பதியிறது நிக்கும். ஆனால் ஏன் பதிஞ்சதெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். முதலில் பதிந்ததற்குக் காரணம், தகடுகள் களைத்ததல்ல. பெட்டியின் அடிச்சட்டத்தில் அந்தப் பக்கம் ஒட்டு வெடித்திருந்ததே. நோய் ஓரிடத்திலும் அதன் அடையாளம் வேறோரிடத்திலுமாக இருந்தன. மருந்து கொடுக்கப்பட்டது அடையாளத்துக்கு.

அன்று மாலைவரை அந்தப் பட்டறையில் இருந்தேன். நெற்சந்தைப்படுத்தல் கட்டுரைக்காகக் கொண்டுபோன குறிப்புப் புத்தகத்தில் அவர் பிழை தேடும் ஒழுங்கு எழுதப்பட்டது. பழைய இயந்திரம் வைத்திருப்போருக்கு இன்றைக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே சொல்கிறேன். முதலில் சாரதியிடம் கேட்க வேண்டும்: எந்தப் பக்கம் இழுக்கிறது, பாரத்தோடா வெறுமையாகவா, எப்போது தொடங்கியது. இரண்டாவது, ரயர்களில் காற்றைச் சமப்படுத்தி, சமதரையில் நிறுத்தித் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். வயல் வேலைக்குப் பின்சில்லில் 12 முதல் 16 இறாத்தல் காற்றே போதியதாக இருக்கும், ஆனால் ஒரு பக்கம் கூடிக் குறைந்திருந்தால் ஸ்பிரிங்கைக் குறைசொல்லி ஒரு நாளை வீணாக்கலாம். மூன்றாவது, கயிறு பிடித்து அளக்க வேண்டும். நான்காவது, சேற்றைக் கழுவிவிட்டுத் தகடுகளைச் சிறு சுத்தியலால் தட்ட வேண்டும். வெடித்த தகடு கீறல் விழுந்த பானையைப் போல அடைத்த ஒலி தரும். ஐந்தாவது, இயந்திரத்தின் முன்புறத்தை உறுதியான தாங்கியில் உயர்த்தி, முன் அச்சின் நடுப் பின்னில் அலவாங்கைக் கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும்; ஆட்டம் இருந்தால் பின்னோ அதன் புசோ தேய்ந்துவிட்டது. கிறீஸ் காணாத பின்தான் விரைவில் தேயும். தாங்கி வைக்காமல் ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. நட்டைக் கழற்றும் சாவி கடைசியில்தான் கைக்கு வர வேண்டும்.

தகடு மாற்றினால் இருபுறமும் சேர்த்து மாற்ற வேண்டும், யூ போல்ட்டைப் புதிதாகப் போட வேண்டும், சில நாட்கள் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும் என்பவை அவர் சேர்த்துச் சொன்னவை. தகட்டைக் கூட்டிக்கொண்டே போனால் பெட்டி உறுதியாகிவிடும் என்பது தவறு. வளைய மறுக்கும் ஸ்பிரிங் அதிர்ச்சியை அச்சுக்கும் சட்டத்துக்கும் அனுப்பிவிடும்; அடுத்த வெடிப்பு அங்கே விழும்.

விடைபெறும்போது ஒன்று கேட்டேன். பெட்டி இழுக்கிறது என்று அந்தச் சாரதிக்குத் தெரியாதா? "தெரியும். முதலாளிக்கும் சொன்னவன். அறுவடை முடியப் பாப்பம் எண்டிட்டார்" என்றார். பொலிசாரிடம் சாரதி இதைச் சொல்லவில்லையா என்றேன். "ஆர் தம்பி கேட்டது? நீர் கேட்டீரோ?"

யாழ்ப்பாணம் திரும்பி நடந்ததை ஆசிரிய பீடத்தில் சொன்னேன். செய்தி பழையதாகிவிட்டது, வழக்கும் நடக்கிறது, திருத்தம் போட முடியாது என்றார்கள். பெட்டிகளின் பாதுகாப்பைப் பற்றிப் பொதுவாக ஒரு கட்டுரை எழுத இடம் கிடைத்தது. யாருடைய பெயரும் அதில் இல்லை. அந்த இளைஞரின் பெயரை அச்சேற்றிய எனக்கு, அதைத் துடைக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் ஒருமுறைதான் கேட்டேன். இரண்டாம் முறை கேட்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நாங்களும் புறப்பட்டோம். சில மாதங்களின் பின் கிளாலி கடந்து கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தோம். 1996 ஜூலையில் கிளிநொச்சி மீதும் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. சனங்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று நகர்ந்தார்கள். வன்னியில் அந்நாட்களில் டீசல் கிடைப்பது அரிது, உதிரிப்பாகங்களுக்கும் தடை. ஒரு தகடு உடைந்தால் கைவிடப்பட்ட லொறியிலிருந்து கழற்றி வெட்டிப் பொருத்தினார்கள். நாற்பதுக்கு மேற்பட்டோர் மூட்டை முடிச்சுகளோடு ஏறக் காத்திருந்த ஒரு பெட்டியின் கீழே, புறப்படுவதற்கு முன், ஒருவர் கையில் கயிற்றோடு படுத்திருந்தார். முடிச்சைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. வயது நாற்பதை அண்மித்திருந்தது. பெயரைக் கேட்டேன். நான் அச்சேற்றிய அதே பெயர்.

தண்டமும் உரிமப் பறிப்பும் முடிந்தபின் யாரும் வேலை தராத காலத்தில் மெக்கானிக் அண்ணைதான் தன் பட்டறையில் சேர்த்துக்கொண்டாராம். அந்தச் செய்தியை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு,

"அத வெட்டி வச்சிருந்தேன் ஐயா. இந்தத் தடவ எடம்பெயரயில உட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. டோர்ச்சை என்னிடம் தந்து வலப்பக்கம் பிடிக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் அளந்து, சமம் என்று உறுதியான பிறகே சனங்களை ஏறச் சொன்னார். ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவசரப்படுத்தியவர்களுக்கு அவர் மறுமொழி சொல்லவில்லை. இரவோடிரவாக அக்கராயனுக்கு எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

2017 இல் கனடா சென்றிருந்தபோது, ஒன்ராறியோவில் பண்ணை இயந்திரங்களைத் திருத்தும் வேலை பார்க்கும் என் மருமகன் முறையான ஒருவர், தன் வேலைத்தலத்தைக் காட்டினார். ஆளுயரச் சில்லுகளோடு நின்ற உழவு இயந்திரங்களின் முன் அச்சில் இன்று தொங்கமைப்பு இருக்கிறது. எண்ணெய் நிறைந்த உருளைகள் அச்சைத் தாங்குகின்றன. நைதரசன் வாயு அடைத்த ஒரு சிறு கலம் ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. உயரத்தை அளந்து சொல்ல ஓர் உணரி. சாரதியின் அறைக்கும் இருக்கைக்கும் தனித்தனி அமைப்புகள். அன்று அங்கே நின்ற ஓர் இயந்திரத்தின் முன்புறம் கல்லில் மோதுவதுபோல் குதித்துக்கொண்டிருந்தது. வேறோரிடத்தில் பெருஞ்செலவில் உருளைகளை மாற்றியும் தீரவில்லை. மருமகன் கலத்தின் வாயு அழுத்தத்தை அளந்து பார்த்தார். நைதரசன் முற்றாகக் கசிந்துவிட்டிருந்தது. எண்ணெய் அமுங்காது, அமுங்க வேண்டிய வாயு இல்லையென்றால் முழு அமைப்பும் ஓர் இரும்புக் கட்டைதான்.

"உருளையைத்தானே குறை சொன்னார்கள்?" என்றேன். "மாமா, குதிக்கிறது உருளையில் தெரியும். ஆனால் உருளை என்ன செய்யும்?" என்றார். வாய்க்கால் கரையின் கதையை அவருக்கு அன்றிரவு சொன்னேன்.

மெக்கானிக் அண்ணை இன்று இல்லை. அந்தச் சாரதியை 1996 இற்குப் பிறகு நான் காணவில்லை. 2009 இற்குப் பின் கிளிநொச்சிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் விசாரித்திருக்கிறேன்.

இப்போது வன்னி வயல்களில் இறப்பர்ச் சங்கிலியில் ஓடும் அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்டன. பழைய உழவு இயந்திரங்களும் பெட்டிகளும் ஓய்வு பெறவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் உதிரிப்பாகங்களின் விலை ஏறியதால், "அறுவடை முடியப் பாப்பம்" என்ற பேச்சு மறுபடி அடிக்கடி காதில் விழுகிறது. பெட்டி சரிந்த செய்திகளும் வருகின்றன. அவற்றில் அந்த மூன்று சொற்களும் இருக்கின்றன.

இளம் செய்தியாளர்கள் யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விபத்து நடந்த இடத்துக்குப் போங்கள். சாரதி உயிரோடிருந்தால் அவரிடம் கேளுங்கள். பிறகு, முறிந்த இரும்பைப் பார்த்த மெக்கானிக் யாரென்று தேடுங்கள். அதுவரைக்கும் "குடைசாய்ந்தது" என்று மட்டும் எழுதுங்கள். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.